கூடாரத்துக்குள் அடித்த டெலிபோன்

போன சனிக்கிழமை பரமட்டாவில் ஒரு நண்பர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். குசினிப் பக்கம் டெலிபோன் அடித்தது. இரண்டு தரம் முழுசாக. மூன்றாவது தரம் பாதியில் நின்றது.

அவ்வளவுதான். நான் எழுந்து நின்றுவிட்டேன். கோப்பையிலிருந்த தேநீர் பாதி கம்பளத்தில்.

"ஆர் எடுத்தது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒருத்தரும் எடுக்கேல்லை, ஐஸே. அடிச்சவன் வைச்சிட்டான் போல. ஏன், முகம் வெளிறிப் போச்சு?" என்றார் நண்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, கம்பளத்தைத் துடைத்துக் கொடுத்தேன். ஏன் அப்படி எழுந்தேன் என்று அங்கே சொல்லவில்லை. பத்துப் பேர் மிக்சர் கொறிக்கும் இடத்தில் சொல்லக்கூடிய கதையா அது? உங்களிடம் சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி — நான் சிட்னியில் பூச்சி கொல்கிறேன்.

சிரிக்காதீர்கள். கொழும்பில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவனுக்கு இங்கே முதலில் கிடைத்த வேலை அதுதான். கரப்பானுக்கும் எறும்புக்கும் மருந்தடிப்பது ஒரு ரகம். அதற்கு மேலே இன்னொரு ரகம் இருக்கிறது — ஒரு வீட்டையே தார்ப்பாலினால் மூடிக் கட்டி, உள்ளே விஷவாயு விட்டு, மரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் கறையான் வரைக்கும் கொல்வது. அதற்குத் தனி லைசென்ஸ். சும்மா கொடுக்க மாட்டார்கள். எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை, இதயமும் நுரையீரலும் சரி என்று டொக்டர் சான்றிதழ். இவற்றுக்கு மேலே, ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவரின் கண் முன்னால் வேலை பழக வேண்டும். அவர் கை காட்டினால்தான் ஆச்சு.

ஏன் இத்தனை கெடுபிடி? அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. நிறம் கிடையாது. மூக்கு நுனியில் நின்றாலும் தெரியாது. இன்று மூச்சில் போனது நாளைக்குத்தான் ஆளைச் சாய்க்கும் என்பதும் உண்டு. அதனால் அதோடு இன்னொரு வாயுவைக் கொஞ்சம் கலந்து அனுப்புகிறார்கள். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான் — கண்ணை எரித்து, கண்ணீர் வரவைப்பது. கண்ணீர் வந்தால் ஓடு. பாடத்தில் முதல் விதி அது.

எனக்கு வேலை பழக்கியவர் கொலின். ஐம்பது வயது தாண்டிய ஆஸ்திரேலியர். அதிகம் பேச மாட்டார். வேலைக்கு வரும்போது காக்கிச் சட்டை, காக்கிக் காற்சட்டை, இடுப்பில் ஒரு சாவிக் கொத்து. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ அரசாங்க அதிகாரி மாதிரி இருப்பார். இந்தத் தோற்றத்தால் பிறகு வந்த வினை இருக்கிறதே…

வீடு ஒரு தமிழ் டொக்டருடையது. பரமட்டாவுக்குச் சற்றுத் தள்ளி, பழைய மரவீடு. டொக்டரும் மனைவியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கூரை மரமெல்லாம் உள்ளே கோறையாகிவிட்டது என்று. உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். தட்டினால் முரசு மாதிரி ஒலிக்கும்.

பொறுப்பை கொலின் என்னிடம் விட்டுவிட்டார். "இன்றைக்கு நான் வெறும் பார்வையாளன். நீதான் லைசென்ஸ்காரன்" என்றார்.

விதிப்படி ஒவ்வொரு அறையாகப் போனேன். அலுமாரிகளைத் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே டார்ச் அடித்தேன். சாப்பாட்டுச் சாமானெல்லாம் வெளியே. அடுப்பின் காஸ் நிறுத்தியாச்சு.

வீட்டின் பின்சுவரோடு ஒட்டியபடி ஒரு தகரக்கூரை அறை இருந்தது. வேலி நெருக்கமாக இருந்ததால் தார்ப்பாலினை அதற்கு மேலே போட முடியாது. அறையைக் கூடாரத்துக்கு வெளியே விட்டு, நடுச்சுவரை அடைத்துவிடுவது என்று முடிவு. அறையையும் திறந்து காட்டச் சொன்னேன். டொக்டர் பூட்டைத் திறந்தார். பழைய ட்ரங்குப் பெட்டிகள், ஒரு மெத்தை, சுவரோரமாக ஒரு அலுமாரி, ஒரு சின்ன ஜன்னல். கொடியில் ஒரு சாரம், ஆண்கள் இடுப்பில் கட்டும் லுங்கி. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

"என்ரைதான், ஐஸே. காலமை தோய்ச்சுப் போட்டது" என்றார் டொக்டர், நான் கேட்காமலே.

ஆள் இல்லை. அதுதானே எனக்கு வேண்டியது? அறையைப் பூட்டி, கதவில் மண்டையோட்டு அபாய அறிவிப்பை ஒட்டினேன். டொக்டர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய மனைவி தெருவின் மறுபக்கம் இருந்த இத்தாலியப் பெண்மணியின் வீட்டுக்குப் போனார். நாங்கள் தார்ப்பாலினை இறக்கி, ஓரமெல்லாம் மணல் பையால் அழுத்தி, வாயுவைத் திறந்தோம்.

நீங்கள் மூடிக்கட்டிய வீட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமலிருப்பது நல்லது. ஜன்னல் இல்லை, கதவு இல்லை. வீட்டின் உருவம் மட்டும் துணிக்குள். உள்ளே காற்றைச் சுழற்றுவதற்கு மின்விசிறிகள் வைத்திருப்போம். அவை ஓடும்போது தார்ப்பாலின் மெல்ல உப்பும். பிறகு சுருங்கும். மறுபடி உப்பும். மூச்சு விடுகிற மாதிரியேதான்.

நல்ல வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. புல்லில் ஒரு மைனா கிடந்தது. தார்ப்பாலினின் தையல் ஓரமாக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் கண் திறந்திருந்தது.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

வீட்டுக்குள்ளே.

எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். டெலிபோனை நிறுத்த வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. விஷம் நிறைந்த வீட்டுக்குள் அது பாட்டுக்கு அடித்தது. இரண்டு தரம் முழுசாக. மூன்றாவது தரம் பாதியில் நின்றது.

நான் கொலினைப் பார்த்தேன். அவர் சிகரெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டவன் அலுத்துப்போய் வைத்திருப்பான்" என்றார்.

நியாயந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சற்று நேரம் கழித்து, விசிறிகளின் இரைச்சலுக்குள்ளிருந்து, சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

டிங்.

ஒரே லைனில் இரண்டு டெலிபோன் உள்ள வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒன்றில் ரிசீவரை வைத்தால், மற்றதன் மணி ஒரு சிணுங்கல் சிணுங்கும். யாரோ எடுத்திருக்கிறார்கள். கேட்டிருக்கிறார்கள். வைத்திருக்கிறார்கள்.

"கொலின், உள்ளே ஆள்" என்றேன்.

"நீ பார்த்தாயே. ஒவ்வொரு அறையும் பார்த்தாயே."

"பார்த்தேன்."

"அப்படியானால் உள்ளே இருப்பது யார்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சிகரெட்டைப் பற்றவைக்காமலே சட்டைப்பையில் போட்டுவிட்டு, காற்று சிலிண்டரும் முகமூடியும் எடுக்க எங்கள் வான் வண்டிக்கு ஓடினார். வாயுவை அடைத்து, கூடாரத்தைத் திறந்தால்கூட வீடு முழுக்கத் தேட நேரம் பிடிக்கும். எங்கே என்று தெரிய வேண்டும். நான் தெருவைக் கடந்து இத்தாலியப் பெண்மணியின் வீட்டுக்கு ஓடினேன்.

டொக்டரின் மனைவி குசினிக் கதிரையில் உட்கார்ந்து பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட வீட்டிலை இன்னொரு டெலிபோன் இருக்கோ?" என்றேன்.

"இல்லையே. ஏன்?"

"உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை, அண்ணை. எல்லாரும் போயிட்டினம்."

எல்லாரும்?

இருப்பதே இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் என் முன்னால். "எல்லாரும்" என்று சொல்ல இன்னும் யார்? நான் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த டெலிபோனை எடுத்து, டொக்டர் வீட்டு நம்பரைச் சுழற்றினேன்.

அடித்தது. நான் நின்ற ஜன்னலிலிருந்து அந்தக் கூடாரம் தெரிந்தது. உப்பியது, சுருங்கியது. அடித்தது. மறுபடி அடித்தது.

எடுத்தார்கள்.

'ஹலோ' இல்லை. மூச்சு மட்டும். உள்ளே இழுக்கும்போது ஒரு சீழ்க்கை. வெளியே விடும்போது ஒரு நடுக்கம்.

நான் இங்கிலீஷில் கத்தினேன் — யார் அது, எங்கே இருக்கிறாய், உடனே வெளியே வா! மூச்சு நின்றது. லைன் கட்.

திரும்பிப் பார்த்தேன். டொக்டரின் மனைவியின் மடியிலிருந்த பீன்ஸ் எல்லாம் தரையில். அவர் எழுந்திருக்கவில்லை.

மறுபடி நம்பரைச் சுழற்றினேன். நெடுநேரம் அடித்தது. எடுத்தார்கள். அதே மூச்சு. இந்தத் தரம் மெதுவாக, நம்முடைய பாஷையில் சொன்னேன்.

"ஆராயிருந்தாலும் பயப்பிடாதேங்கோ. நான் யாழ்ப்பாணத்தான். நீங்கள் எங்கை இருக்கிறியள்?"

மூச்சு… மூச்சு… பிறகு ஒரு குரல். இளவயதுக் குரல். நாக்குத் தடித்த மாதிரி.

"பின்னறையிலை, அண்ணை. தலை சுத்துது."

"வெளியிலை வாரும். இப்பவே!"

"ஏலாது. வெளியிலை இமிகிரேஷன்காரன் நிக்கிறான். காக்கிச் சட்டை. ஜன்னலாலை பாத்தனான்."

"அவன் இமிகிரேஷன் இல்லை, தம்பி. கறையான் கொல்லுறவன். வீட்டுக்கை விஷக்காஸ் விட்டிருக்கு. எழும்பும்!"

"கால் வருகுதில்லை…" என்றான். பிறகு ரிசீவர் எதிலோ மோதும் சத்தம். அதற்குப் பிறகு அந்தச் சீழ்க்கை மூச்சும் தூரமாகிவிட்டது.

நான் எப்படித் தெருவைக் கடந்தேன் என்று நினைவில்லை. "பின்னறை!" என்று கத்தியது நினைவிருக்கிறது. பூட்டு நான் போட்டபடியே இருந்தது. நான் ஒட்டிய மண்டையோடு கதவில் என்னைப் பார்த்துச் சிரித்தது. கொலின் கையில் ஒரு சின்னச் சோதனை விளக்கு வைத்திருந்தார். காற்றில் அந்த வாயு இருந்தால் அதன் சுடர் நிறம் மாறும். கதவிடுக்கில் பிடித்தார்.

பச்சை.

அந்தப் பச்சையை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. இலைப் பச்சை இல்லை, கண்ணாடிப் பச்சை இல்லை. பட்டப்பகலில், என் ஆசிரியரின் கைக்குள், சத்தமில்லாமல் ஆடியது. கொலின் முகமூடியை இழுத்துவிட்டு, கடப்பாரையால் பூட்டைப் பெயர்த்து உள்ளே போனார். நான் வெளியே நிற்க வேண்டும் — ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே, அதுவும் விதி. நின்றேன். அத்தனை நாள் படித்ததில் கடைப்பிடிக்க மிகக் கஷ்டமான விதி அதுதான்.

அவர் பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார். அக்குளில் கை கொடுத்து ஒரு இளைஞனை இழுத்துக்கொண்டு. இருபத்தைந்து வயது இருக்கும். கண்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "பெயர் என்ன?"

டொக்டரின் மனைவி வேலியோரம் நின்றிருந்தார். ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்தார், காக்கிச் சட்டை கொலினைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார் இங்கிலீஷில். பிறகு என் பக்கம் திரும்பி, மிகத் தாழ்ந்த குரலில், "அண்ணை, காலைப் பிடிக்கிறன்… பேரைச் சொல்லிப் போடாதேங்கோ" என்றார்.

எனக்கு எந்தப் பெயரும் தெரியாதே! தெரிந்ததைச் சொன்னேன் — என்ன வாயு, எப்போது திறந்தோம், எழுந்து உட்கார்ந்தாலும் வீட்டுக்கு விடக்கூடாது, மெதுவாகத்தான் ஆளைப் பிடிக்கும் என்று. பெயர் இல்லாமலே வண்டி போயிற்று.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டொக்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கேதான் அவருக்கும் வேலை.

"என்ரை மனிசியின்ரை தம்பி. யோகநாதன்" என்றார். "மாணவனாய் வந்தவன். விசா முடிஞ்சு போச்சு. அரசாங்கம் இப்ப, தாமா வந்து பதிஞ்சால் இருக்க விடுறம் எண்டுதான் சொல்லுது. இவன் நம்பேல்லை. அது ஆக்களைப் பிடிக்கிற பொறி எண்டான். நாங்களும் பயந்து போனம்."

விருந்தாளி வந்தால் பின்னறை. கதவு தட்டினால் பின்னறை. டெலிபோன் அடித்தால் எடுக்கலாம் — ஆனால் அந்தப் பக்கம் தமிழ்க் குரல் கேட்கும் வரை வாய் திறக்கக்கூடாது. அதற்கென்று டொக்டர் தானே ஒரு வயர் இழுத்து, அலுமாரிக்குப் பின்னால் சுவரில் ஓட்டை போட்டு, அந்த அறைக்கு இரண்டாவது டெலிபோன் வைத்திருந்தார். நான் பார்த்தபோது அது ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தது. வாயு வந்ததும் அந்த ஓட்டை வழியாகத்தான்.

"காலமை நானே ஸ்டேஷனிலை இறக்கி விட்டனான். மெல்பேணிலை, கிளேட்டனிலை இவன்ரை சிநேகிதப் பெடியன் ஒருத்தன் படிக்கிறான். ரெண்டு நாள் அங்கை நில் எண்டு சொல்லித்தான் விட்டது. என்னத்துக்குத் திரும்பி வந்தான் எண்டு விளங்கேல்லை." டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வார்டுக்குள் போய், கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்த நர்ஸிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "இவன் என்னுடைய மைத்துனன்" என்றார்.

அடுத்த நாள் காலையில் அவரே இமிகிரேஷன் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். தன் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்தாரா? யோசித்திருப்பார். போனார்.

யோகநாதனுக்கு நாக்குத் திரும்ப நாளாயிற்று. கை நடுக்கம் குறைய இன்னும் நாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன்.

"என்னத்துக்கு ஐயா திரும்பி வந்தனீர்?" என்றேன்.

"அம்மாவுக்கு ஒப்பரேஷன், அண்ணை. யாழ்ப்பாணத்திலையிருந்து அண்டைக்கு ட்ரங்க் கோல் வரும் எண்டு கடிதம் வந்தது. ஸ்டேஷனிலை நிண்டு பாத்தன். மனம் கேக்கேல்லை. அத்தான் பேசுவார் எண்டு சொல்லாமல், பின்னறை ஜன்னலாலை ஏறி உள்ளுக்கை போனன்."

"வீடு முழுக்கத் துணி போத்திக் கிடந்ததே!"

"பூச்சி மருந்து எண்டு அத்தான் சொன்னவர். வழமையா அடிக்கிற மருந்து எண்டுதான் நினைச்சன்."

"கண் எரியேல்லையோ? கண்ணாலை தண்ணி வந்திருக்குமே?"

அவன் போர்வையின் ஓரத்தை மடித்து, மறுபடி விரித்தான்.

"வந்தது, அண்ணை. நான் அம்மாவை நினைச்சு அழுறன் எண்டு நினைச்சன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு நாட்டு நிபுணர்கள் எல்லாம் கூடி, மனிதனை எச்சரிக்க என்ன வழி என்று யோசித்து, கண்ணீரைக் கண்டுபிடித்தார்கள். ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவனை எப்படி எச்சரிப்பது என்று யாருக்குத் தோன்றும்?

"அம்மா என்ன சொன்னா? முதல் கோலிலை?" என்று பேச்சை மாற்றினேன்.

"அது அம்மா இல்லை."

"பிறகு?"

"தெரியாது. எக்ஸ்சேஞ்ச்காரர் குரல் குடுப்பினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். ஒருத்தரும் கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை. ஆனால் அங்காலை ஆள் நிண்டது, அண்ணை. மூச்சுக் கேட்டது. கன நேரம். பிறகு நான்தான் வைச்சன்."

விசாரித்துப் பார்த்தேன். டொக்டர் அழைக்கவில்லை. அவர் மனைவி அழைக்கவில்லை. கிளேட்டன் நண்பன் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பிறகு கடிதம் வந்தது — அன்று லைன் கிடைக்கவேயில்லையாம், தபாற்கந்தோரில் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார்களாம். அம்மாவுக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, அது வேறு விஷயம். ராங் நம்பராகத்தான் இருக்கும் என்கிறார் கொலின். இருக்கலாம். அந்த மணி அடிக்காமல் இருந்திருந்தால், நாங்கள் வெயிலில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டிருப்போம். அதற்கு மேலே நான் யோசிப்பதில்லை.

இமிகிரேஷன் அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். டொக்டர் முன்னாலேயே போய்ச் சொன்னதால், தாமாக வந்து பதிந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி பெயரைக் கேட்டார். யோகநாதன் எழுந்து உட்கார்ந்து, முழுப் பெயரையும் சொன்னான். பிறகு எழுத்து எழுத்தாகச் சொன்னான். தேவைக்கு மேலே சத்தமாக. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி கொலின் மேலிடத்துக்கு அறிவித்தார். விசாரணை வைத்து, அறையைச் சோதித்தது விதிப்படிதான் என்று முடித்தார்கள். விதி சரி. விதியை எழுதியவர்களும் கெட்டிக்காரர்கள். வீட்டில் எத்தனை அறை என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இல்லாதவராக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்க எங்கே இடம் விட்டார்கள்?

இப்போதெல்லாம் தார்ப்பாலினை இறக்குவதற்கு முன்னால் வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு, நான் மட்டும் ஒவ்வொரு அறைக்குள்ளும் நின்று இரண்டு பாஷையில் கூப்பிடுகிறேன். முதலில் இங்கிலீஷில். பிறகு தமிழில், "உள்ளுக்கை ஆரும் இருக்கிறியளோ? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று. கிரேக்கர் வீடானாலும், ஐரிஷ்காரர் வீடானாலும் அப்படித்தான். கொலின் சிரிப்பதில்லை.

இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டுதான், ஒவ்வொரு தரமும், வாயுவைத் திறக்கிறேன்.